கூச்சக்காரர்களும் தனிமை விரும்பிகளும் காதலிக்கக் கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூச்ச சுபாவம் உள்ளவர்களும் தனியாகவே இருந்து பழகியவர்களும் காதலைப் பற்றிக் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

நான் யார்கிட்டயும் அதிகம் பேசமாட்டேன். என்னை மாதிரி ஆளுக்கெல்லாம் காதல் வருமா?

வரும். கூச்சம் அபூர்வமான குணமே இல்லை. உளவியலாளர் ஃபிலிப் சிம்பார்டோ ஸ்டான்ஃபோர்டில் 1970களில் நடத்திய கணக்கெடுப்பில் சுமார் 40 சதவீதம் பேர் தங்களைக் கூச்சக்காரர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

கூச்சக்காரர்களுக்கு உணர்ச்சிக்குப் பஞ்சமில்லை. அது தலைக்குள்ளேயே தொடங்கித் தலைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். மனதில் நூறு உரையாடல் ஓடியிருக்கும். நேரில் ஒரு வணக்கம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். உள்ளே இருப்பதைக் கொஞ்சம் வெளியே வைப்பது, எதிரில் இருப்பவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று பார்ப்பது, பிறகு இன்னும் கொஞ்சம் வைப்பது. பழக வேண்டியது இவ்வளவுதான். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதையே வெவ்வேறு கட்டங்களில் விளக்குகின்றன.

கூச்சம், தனிமை பிடிக்கிறது, பயம் எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. தனிமை பிடித்தவருக்கு ஆட்கள் நடுவே இருந்தால் களைப்பு வரும், பயம் வராது. கூச்சக்காரருக்கு ஆட்களோடு இருக்க ஆசை இருக்கும், ஆனால் உடம்பு ஒத்துழைக்காது. இரண்டும் தனித்தனிக் குணங்கள் என்று ஜோனதன் சீக், ஆர்னால்ட் பஸ் இருவரும் 1981-லேயே ஆராய்ந்து காட்டினார்கள். ஆட்களோடு பழக மிகவும் ஆசைப்படும் கூச்சக்காரர்களே உரையாடலில் அதிகம் தவித்தார்கள் என்பதும் அதில் தெரிந்தது. மூன்றாவதான பயம், வாழ்க்கையையே முடக்கும் அளவுக்குப் போனால் அது சமூகப் பதற்றக் கோளாறு. அதற்குச் சிகிச்சை உண்டு. கடைசிக்கு முந்தைய கேள்வியில் வருகிறது.

நீங்கள் எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: நாளை போக வேண்டிய சந்திப்பு ரத்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் நிம்மதி மட்டும் வந்தால் தனிமை விரும்பி. நிம்மதி வந்து அரை மணி நேரத்தில் வருத்தம் வந்தால் கூச்சம். பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

எனக்கு ஆட்களைச் சந்திக்கவே வழியில்லை. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

ஒரே நாளில் புது முகங்களைக் குவித்துவைக்கும் இடங்களைத் தவிருங்கள். விருந்து, கூட்டமான கொண்டாட்டம், ஒருவர் மாற்றி ஒருவருடன் ஐந்து நிமிடம் பேசும் நிகழ்ச்சி எல்லாம் சட்டென்று பழகுபவர்களுக்கானவை. உங்களுக்கு வேண்டியது நேரெதிரானது: அதே ஆட்கள், அதே நாள், கைக்கு ஒரு வேலை. மண்பாண்டம் செய்யும் வகுப்பு, சேர்ந்திசைக் குழு, மலையேற்றக் குழு, வாசிப்பு வட்டம், தன்னார்வப் பணி, மொழி வகுப்பு. ஆறிலிருந்து பன்னிரண்டு பேர் வரை இருந்தால் நல்லது. அதற்குக் குறைந்தால் எல்லார் கண்ணும் உங்கள் மேல் இருக்கும். அதற்கு மேல் போனால் மூலையில் ஒதுங்கிவிடுவீர்கள். கைக்கு வேலை இருக்கும்போது பேசாமல் இருந்தாலும் யாருக்கும் உறுத்தாது என்பது பெரிய வசதி.

அடிக்கடி பார்க்கும் முகம் தானாகவே பிடித்துப்போகத் தொடங்குகிறது. ராபர்ட் ஸயான்ஸ் 1968-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து இது பலமுறை உறுதியாகியிருக்கிறது. முதல் பார்வையிலேயே பிடிக்காமல் போனவரிடம் மட்டும் இதை எதிர்பார்க்க முடியாது. நேரமும் கொடுக்க வேண்டும். அறிமுகம் சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நட்பாக மாற 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து இருக்க வேண்டியிருந்தது என்று ஜெஃப்ரி ஹால் 2018-ல் கணித்தார். வாரம் இரண்டு மணி நேரம் போகிற குழுவில் 50 மணி என்றால் ஆறு மாதம். மூன்றாம் வாரமே "எனக்கு இது ஒத்துவராது" என்று நின்றுவிடுபவர்கள்தான் அதிகம். சேரும்போதே பத்து வாரம் போவேன் என்று முடிவு செய்துகொண்டு போங்கள்.

சரி, போயிட்டேன். முதல் வார்த்தை என்ன பேசுறது?

முதல் இரண்டு வாரம் வணக்கமும் பெயரும் போதும். மூன்றாம் வாரம், இருவர் கண்ணுக்கும் தெரிகிற ஏதாவது ஒன்றைப் பற்றி ஒரு சின்னக் கேள்வி: "உங்க களிமண் விரிசல் விடலையே, தண்ணி எவ்வளவு சேர்க்கிறீங்க?" பதிலைக் கேட்டு, நன்றி சொல்லி, உங்கள் வேலைக்குத் திரும்பிவிடுங்கள். முப்பது நொடிதான். பேச்சை முடித்துவைப்பது நீங்களாக இருந்தால், மாட்டிக்கொண்டோம் என்ற பதற்றம் வராது. அடுத்த வாரம் போவது எளிதாகும்.

நான்காம் ஐந்தாம் வாரம் போன தடவை அவர் சொன்னதை நினைவில் வைத்துக் கேளுங்கள்: "தண்ணி குறைச்சுப் பார்த்தேன், இப்போ பரவாயில்லை." அழகான வாக்கியமாக யோசித்துத் தயார் செய்யாதீர்கள். மனப்பாடம் செய்த வாக்கியம், எதிராளி எதிர்பாராத பதில் சொன்னதும் உடைந்துபோகும்.

ரெண்டு வரியில பேச்சு செத்துடுது. அப்புறம் அந்த மௌனம் தாங்க முடியல.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பதில் வந்ததும் புதுத் தலைப்புக்குத் தாவுவது. "எங்க வேலை செய்றீங்க?" "நூலகத்துல." "ஓ. எத்தனை பேர் வீட்டுல?" இது விசாரணை மாதிரி ஆகிவிடும். வந்த பதிலுக்குள்ளிருந்தே அடுத்த கேள்வியை எடுங்கள். "நூலகத்துல" என்றால், "புத்தகம் திருப்பித் தராதவங்களை என்ன பண்ணுவீங்க?" அவர் சிரித்துக்கொண்டே ஒரு சம்பவம் சொல்வார். பிறகு உங்களைப் பற்றி ஒரு வரி: "நானும் ஒரு புத்தகத்தை ரெண்டு வருஷம் வெச்சிருந்தேன்." கேள்வி, துணைக் கேள்வி, சொந்த வரி. இந்த மூன்றும் சுற்றிச் சுற்றி வந்தால் பேச்சு நிற்காது. துணைக் கேள்வி கேட்பவர்களை எதிராளிக்கு அதிகம் பிடித்துப்போகிறது என்று 2017-ல் வெளியான ஹார்வர்டு ஆய்வு காட்டியது. அதே ஆய்வில், சில நிமிடங்களே பேசிப் பிரியும் காதல் சந்திப்புகளிலும் அப்படிக் கேட்டவர்களுக்கே மறுசந்திப்புக்கான சம்மதம் அதிகம் கிடைத்தது.

மௌனத்தைப் பற்றி: ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009 ஆய்வு சொல்கிறது. அதனால்தான் இரண்டு நொடி மௌனம்கூட யுகமாகத் தெரிகிறது. அது உண்மையிலேயே இரண்டு நொடிதான். மூச்சை வெளியே விட்டு, கையில் இருக்கும் வேலையைப் பாருங்கள். எதிராளியே பேசத் தொடங்கவும் அந்த இடைவெளி தேவை.

பேசும்போது குரல் நடுங்குது, முகம் சிவந்துடுது. எல்லாரும் கவனிச்சிருப்பாங்களே?

நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், சங்கடமான படம் போட்ட பனியனோடு மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். கவனித்தது கால்வாசிப் பேர்.

நடுக்கத்தை மறைக்கச் செய்கிற காரியங்கள்தான் அதை வளர்க்கின்றன. கண்ணைத் தாழ்த்துவது, வாயைக் கையால் மூடுவது, வேகமாகப் பேசி முடிப்பது, கைப்பேசியை எடுத்துப் பார்ப்பது. உளவியலாளர்கள் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் இருவரும் 1995-ல் இதை விளக்கினார்கள்: கவனம் முழுக்க "நான் எப்படித் தெரிகிறேன்" என்பதில் இருக்கும்போது எதிரே இருப்பவர் முகம் கண்ணுக்கே தெரிவதில்லை, பார்ப்பவருக்கோ நீங்கள் அவரை ஒதுக்குவதுபோலத் தோன்றும். ஒரு சந்திப்பில் ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுப் பாருங்கள். கவனத்தை வெளியே திருப்ப எளிய பயிற்சி: அவர் பேசும்போது, பிறகு உங்களால் சொல்ல முடிகிற மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். கண்ணின் நிறம், எந்த வார்த்தையை அழுத்திச் சொல்கிறார், எதைச் சொல்லும்போது முகம் மலர்கிறது.

வீட்டுக்கு வந்ததும் ராத்திரி முழுக்க அதையே ஓட்டிப் பார்க்கிறேன். உளறிட்டேனோன்னு இருக்கு.

முதல் முறை பேசிப் பிரிகிறவர்கள், தங்களை எதிராளிக்கு எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே விடுதியில் சேர்ந்து தங்கியவர்களுக்குக்கூட அந்தத் தவறான கணிப்பு மாதக்கணக்கில் நீடித்தது. உங்கள் இரவு நேரத் தீர்ப்பை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வந்தவுடன் மூன்று வரி எழுதி மூடிவையுங்கள்: அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், அடுத்த முறை என்ன கேட்கலாம். "அவர் என்ன நினைத்திருப்பார்" என்ற வரிக்கு அதில் இடமில்லை.

ஒருத்தரை ஒரு வருஷமா பார்த்துட்டிருக்கேன். பேசினதில்லை. ஆனா இது காதல்தான்னு உறுதியா தெரியுது.

உங்கள் உணர்வு பொய்யில்லை. ஆனால் அது அவர் மேல் வந்ததா, நீங்கள் உருவாக்கிய ஒருவர் மேல் வந்ததா என்று பார்க்க வேண்டும். நினைப்பு விடாமல் துரத்துவது, சின்னச் சைகையிலும் அர்த்தம் தேடுவது, மறுப்பை நினைத்தாலே நடுங்குவது என்ற இந்த நிலைக்கு உளவியலாளர் டோரதி டென்னவ் 1979-ல் வெளியிட்ட நூலில் 'லிமரன்ஸ்' என்று பெயர் சொன்னார். அவர் வாதப்படி நம்பிக்கையும் சந்தேகமும் சேர்ந்தே இருக்கும்வரைதான் இது எரியும். பேசாமலே இருந்தால் ஆம் என்றும் தெரியாது, இல்லை என்றும் தெரியாது. அதனால் வருடக்கணக்கில் எரிகிறது.

ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் அவரைப் பற்றி நீங்கள் கண்ணால் கண்டது, காதால் கேட்டது. வலப்பக்கம் ஊகித்தது. "அன்பானவர்" வலப்பக்கம். "கீழே விழுந்த காகிதங்களைக் குனிந்து எடுத்துக்கொடுத்தார்" இடப்பக்கம். பெரும்பாலானோருக்கு இடப்பக்கம் நான்கைந்து வரியைத் தாண்டாது. அடுத்த வேலை, இடப்பக்கத்தில் ஒரு வரி கூட்டுவது. அதற்கு மேலே சொன்ன முப்பது நொடிக் கேள்வி போதும். அவருடைய சமூக ஊடகப் பக்கத்தைத் தோண்டுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். அது வலப்பக்கத்தைத்தான் நிரப்பும். அவர் போகும் வழியில் போய் நிற்பதும் வேண்டாம். உங்களுக்கு அது ஏக்கம், அவருக்கு அது அச்சம்.

அவங்களுக்கு என் மேல விருப்பம் இருக்கா, சும்மா மரியாதைக்குப் பேசுறாங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு புன்னகையை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. நான்கைந்து சந்திப்பில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். அவராகவே வந்து பேசுகிறாரா? நீங்கள் போன வாரம் சொன்னது அவருக்கு நினைவிருக்கிறதா? பேச்சை முடிக்க எளிய வாய்ப்பு வந்தும் நிற்கிறாரா? மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால் அடுத்த அடி வைக்கலாம். எல்லாம் உங்கள் பக்கத்திலிருந்தே நடக்கிறது என்றால், அது மரியாதைதான்.

கடை, மருத்துவமனை, உணவகம் போன்ற இடங்களில் வேலையாக உங்களிடம் இனிமையாகப் பேசுகிறவரிடம் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அவரால் விலகிப் போகவும் முடியாது, முகம் சுளிக்கவும் முடியாது.

என்னைப் பத்தி எவ்வளவு சொல்லலாம்? ஒண்ணு வாயே திறக்கமாட்டேன், இல்லைன்னா எல்லாத்தையும் கொட்டிடுவேன்.

தனியாக இருப்பவர்களுக்கு இது சகஜம். கேட்க ஒருவர் கிடைத்ததும் அணை உடைந்துவிடுகிறது. அளவுகோல் எதிராளிதான். அவர் சொன்ன ஆழத்துக்கு நீங்களும் இறங்குங்கள், அதைவிட ஒரு படி மட்டும் கூடுதலாக. அவரும் ஒரு படி இறங்கி வந்தால் தொடரலாம். தலைப்பை மாற்றினால் அங்கேயே நில்லுங்கள், தப்பில்லை. படிகள் தோராயமாக இப்படி: தகவல், பிடித்தது பிடிக்காதது, கருத்து, ஆசை, பயம், பழைய காயம். முதல் சந்திப்பிலேயே கடைசிப் படிக்குப் போனால், கேட்பவருக்கு அதைச் சுமக்கிற பொறுப்பு வந்துவிடும்.

ஆர்தர் ஏரன் குழு 1997-ல் வெளியிட்ட சோதனை இதே படிவரிசையில்தான் அமைந்தது. அறிமுகமில்லாத இருவர், 36 கேள்விகள், மூன்று கட்டம், மொத்தம் 45 நிமிடம். போகப்போகக் கேள்விகள் ஆழமாகும், இருவருமே பதில் சொல்ல வேண்டும். வெறும் அரட்டைக் கேள்வி கொடுக்கப்பட்டவர்களைவிட இவர்கள் அதிக நெருக்கம் உணர்ந்தார்கள். அதைக் காதல் மந்திரமாகப் பலர் பரப்பிவிட்டார்கள். சோதனையில் உண்டானது அந்த நேரத்து நெருக்கம் மட்டுமே. ஆனால் மாறி மாறிச் சொல்வது, மெல்ல ஆழமாவது என்ற இரண்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை.

வெளியில போகலாமான்னு எப்படிக் கேட்கிறது? லெட்டர் எழுதிக் குடுத்துடலாமா?

நீண்ட காதல் கடிதம் வேண்டாம். பல மாதம் நீங்கள் மனதில் நடந்து வந்த தூரத்தை அவர் ஒரே நிமிடத்தில் கடக்க வேண்டியிருக்கும். "யோசிக்கணும்" என்று சொல்லக்கூட இடம் இருக்காது.

சின்ன அழைப்பாகக் கேளுங்கள். அதில் நான்கு விஷயம் இருக்கட்டும்: என்ன, எப்போது, எவ்வளவு நேரம், மறுக்க ஒரு வாசல். "சனிக்கிழமை சாயந்தரம் அந்தக் கண்காட்சிக்குப் போறேன், ஒரு மணி நேரம் ஆகும். உங்களோட போனா நல்லா இருக்கும்னு தோணுச்சு. வேற வேலை இருந்தா பரவாயில்லை." இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் நண்பராகக் கூப்பிடுகிறீர்களா, விருப்பத்தோடு கூப்பிடுகிறீர்களா என்றே தெரியாது. பலர் அதை விழுங்கிவிட்டுப் பிறகு மாதக்கணக்கில் குழம்புகிறார்கள். மற்றவர்கள் முன்னால் கேட்காதீர்கள், அவர் கிளம்பும் நேரத்தில் கேளுங்கள். வாய் வராவிட்டால் அதே மூன்று வாக்கியத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பலாம்.

முடியாதுன்னு சொல்லிட்டா?

"சரிங்க, சொன்னதுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சு பேசி, அன்றைக்கு வழக்கமான நேரத்தில் கிளம்புங்கள். காரணம் கேட்காதீர்கள். "இந்த வாரம் முடியாது" என்று மட்டும் சொல்லி வேறு நாள் எதுவும் சொல்லாவிட்டால், ஒரு முறை மட்டும் பின்னொரு நாள் கேட்கலாம். செய்திக்குப் பதிலே வராததும் மறுப்புதான். அடுத்த வாரம் குழுவுக்குப் போங்கள், வணக்கம் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடம் கஷ்டமாக இருக்கும். அதற்குப் பயந்து குழுவையே விட்டால், பல மாதமாகச் சேர்த்த அத்தனை அறிமுகமும் போய்விடும்.

மெசேஜ்ல நல்லா பேசுறேன். நேர்ல பார்த்தா கல்லாயிடுறேன்.

எழுத்தில் யோசிக்க நேரம் இருக்கிறது, அதனால் வருகிறது. ஆனால் பல வாரம் எழுத்திலேயே இருந்தால் இருவரும் முன்பு சொன்ன தாளின் வலப்பக்கத்தை, அதாவது ஊகங்களை, நிரப்பத் தொடங்கிவிடுவீர்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் குரல் செய்தி, பிறகு பத்து நிமிட அழைப்பு, பிறகு நேரில் என்று நகருங்கள். நேரில் எதிரெதிராக உட்காராமல் சேர்ந்து நடங்கள். கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் இருக்காது. "நேர்ல கொஞ்சம் மெதுவாத்தான் பேசுவேன்" என்று முன்பே எழுதிவிடுவது பெரிய பாரத்தை இறக்கும்.

கொஞ்சம் குடிச்சா தைரியம் வருது. அது தப்பா?

வேண்டாம். போதையில் பேசியதைப் போதை பேசியதாகவே மனம் கணக்கு வைக்கும், தைரியம் உங்களுடையதாக ஆகாது. மறுநாள் பதற்றமும் கூடும். கூச்சத்துக்காகக் குடிக்கத் தொடங்கியவர்களிடம் அது பழக்கமாகிவிடும் ஆபத்தும் அதிகம்.

முப்பது தாண்டிடுச்சு, இதுவரைக்கும் ஒரு அனுபவமும் இல்லை. அதைச் சொல்லணுமா?

முதல் சந்திப்பில் தேவையில்லை. உறவு நெருக்கமாகும்போது, தொடுதலுக்கு முன்னால், ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: "எனக்கு இதெல்லாம் புதுசு, மெதுவா போகலாமா?" மன்னிப்பு கேட்கும் தொனி வேண்டாம். மறைத்து நடித்தால் உங்கள் பதற்றத்தை அவர் விருப்பமின்மை என்று எடுத்துக்கொள்வார். தொடுவதற்கு முன் கேட்பதும் கூச்சக்காரர்களுக்கு ஏற்ற வழிதான்: "கையைப் பிடிச்சுக்கலாமா?" என்ற கேள்வி எந்தக் குறிப்பையும் ஊகிக்கிற வேலையை மிச்சப்படுத்துகிறது.

காதல் வந்தாச்சு. ஆனா எனக்குத் தனியா இருக்கிற நேரம் வேணும். சொன்னா அவங்க மனசு கஷ்டப்படுது.

சொல்லாமல் மறைந்துபோவதுதான் கஷ்டப்படுத்துகிறது. களைத்துப்போகும் முன்பே, திரும்பி வரும் நேரத்தோடு சொல்லுங்கள்: "இன்னைக்கு ராத்திரி தனியா படிக்கணும் போல இருக்கு, நாளைக்குக் காலையில கூப்பிடுறேன்." சொன்ன நேரத்தில் கண்டிப்பாகக் கூப்பிடுங்கள், ஒரு முறை தவறினாலும் அடுத்த முறை உங்கள் தனிமை அவருக்குக் கைவிடலாகத் தெரியும். ஒரே அறையில் ஆளுக்கொரு வேலையாகப் பேசாமல் இருப்பதையும் பழகிப் பாருங்கள். அது பலருக்குத் தனிமை நேரமாகவே உதவுகிறது.

நெருங்கி வந்ததும் ஓடிப்போகணும் போல ஆயிடுது. பிடிக்காமப் போயிடுச்சா?

அவசரப்பட்டு அப்படி முடிவு செய்ய வேண்டாம். உளவியலாளர்கள் சிண்டி ஹேசன், ஃபிலிப் ஷேவர் இருவரும் 1987-ல், குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் உள்ள பிணைப்பின் வகைகளைப் பெரியவர்களின் காதலிலும் கண்டார்கள். நெருக்கம் கூடினால் மூச்சுமுட்டுகிறவர்கள் அதில் ஒரு வகை. அவர்களுக்கு ஓடும் ஆசை நல்ல ஒரு நாளுக்கு மறுநாள்கூட வரலாம்.

இரண்டு வாரம் எந்த முடிவும் எடுக்காமல், எப்போது அந்த ஆசை வருகிறது என்று மட்டும் குறித்துவையுங்கள். நெருக்கமான தருணங்களுக்குப் பிறகே வந்தால் அது பயம். முந்தைய பதிலில் சொன்னபடி நேரம் கேட்டு வாங்குங்கள். அவர் உங்களை மட்டம் தட்டிய பிறகு, கட்டுப்படுத்திய பிறகு வந்தால் அந்த ஆசை சரியானதைத்தான் சொல்கிறது. அப்போது விலகுங்கள். கூச்சக்காரர்கள் "நம்மையும் ஒருவர் ஏற்றுக்கொண்டாரே" என்பதற்காக மோசமாக நடத்துகிறவரிடம் தங்கிவிடுவதுண்டு.

எப்போ டாக்டர்கிட்ட போகணும்?

பயம் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து, அதனால் படிப்பு, வேலை, நட்பு ஆகியவற்றைத் தவிர்க்க ஆரம்பித்துவிட்டால் போங்கள். அறிதல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் பேச்சுச் சிகிச்சை) சமூகப் பதற்றத்துக்கு நன்கு சோதிக்கப்பட்ட வழி. பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள். தேவைப்பட்டால் மருத்துவர் மருந்தும் தருவார். இங்கே சொன்ன கவனப் பயிற்சியும் மறைப்புப் பழக்கங்களை விடுவதும் அந்தச் சிகிச்சையின் பகுதிகள்தான், அங்கே துணைக்கு ஒருவர் இருப்பார். உயிரை விடத் தோன்றினால் காத்திருக்காமல் உடனே உதவி கேளுங்கள்.

எல்லாம் செஞ்சு பார்த்தேன். நல்ல நண்பர்கள் கிடைச்சாங்க, ஆனா யார் மேலயும் காதல் வரலை. எனக்கு ஏதாவது குறையா?

குறை இல்லை. சிலருக்கு நன்றாகப் பழகி நம்பிக்கை வந்த பிறகே ஈர்ப்பு தோன்றும். அவர்களுக்கு ஆறு மாதம் போதாது. சிலருக்குக் காதல் ஈர்ப்பு தோன்றுவதே இல்லை, ஆனாலும் ஆழமான நட்போடு நிறைவாக வாழ்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று இன்றைக்கே முடிவுகட்டத் தேவையில்லை. கிடைத்த நண்பர்களில் ஒருவரோடு அடுத்த வாரம் எதையாவது திட்டமிட்டிருந்தால், அதற்குப் போய்விட்டு வாருங்கள்.